கறி என்றால் மிளகு. மிளகாய் வந்தது பிறகு

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. “எங்கள் கொல்லையில் நாலு வரிசை மிளகாய் எப்போதும் இருக்கும். மிளகாய் நம் நாட்டுப் பயிரே இல்லை, கப்பலில் வந்தது என்று பேரன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொல்கிறான். அப்படியானால் என் பாட்டிக்குப் பாட்டி குழம்புக்கு எதைப் போட்டார்? காரமே இல்லாமலா சாப்பிட்டார்கள்?”

கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடிக்கக்கூடிய சமாசாரம் அல்ல என்பதால் தனியாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பேரனுக்குச் சேரவேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். அவன் சொன்னது சரி. ஆனால் பாட்டிக்குப் பாட்டியும் மிளகாய்தான் கிள்ளிப் போட்டிருப்பார். அவருக்கும் பின்னால் இன்னும் பதினைந்து தலைமுறை போனால்தான் மிளகாய் இல்லாத அடுப்பங்கரையைப் பார்க்க முடியும். அங்கேயும் காரம் இருந்தது. அதன் பெயர் மிளகு.

சங்க நூல்களில் ‘கறி’ என்ற சொல்லுக்கு மிளகு என்றே பொருள். மலைச்சாரலில் படரும் மிளகுக் கொடியைக் கறிக்கொடி என்றார்கள். மிளகு போட்டுச் சமைத்த பண்டத்துக்கே பிற்பாடு கறி என்ற பெயர் நின்றுவிட்டது. இன்று உலகம் முழுக்க இந்தியச் சாப்பாட்டுக்கு வழங்கும் ‘கரி’ என்ற பெயர் நம்முடைய இந்தச் சொல்லிலிருந்து போனது. இங்கிலீஷ்காரர்கள் விரும்பிக் குடித்த ‘முல்லிகடானி’ சூப்பும் வேறொன்றுமில்லை, நம் மிளகுத் தண்ணிதான்.

மிளகு மட்டும் அல்ல. திப்பிலி, இஞ்சி, சுக்கு, கடுகு எல்லாம் அந்தக் காலத்துக் காரங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியச் சோற்றை நினைத்துப் பாருங்கள். மிளகு, பூண்டு, சுக்கு, திப்பிலி எல்லாம் இருக்கும், மிளகாய் இருக்காது. திவசச் சமையலிலும் பல வீடுகளில் மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். நோயாளிக்கும் முன்னோருக்கும் பழைய சமையலைத்தான் கொடுக்கிறோம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய குழம்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஏட்டைத் தேட வேண்டியதில்லை, பத்தியக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டால் போதும்.

அரிக்கமேட்டுக் கரையில்

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு ஓடிவரும் சங்கராபரணி கடலை நெருங்கும்போது பிரியும் கிளையை அரியாங்குப்பம் ஆறு என்கிறோம். அதன் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, ரோம் நாட்டு மதுச் சாடிகளும், இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திரங்களும் கிடைத்தன. அவருக்குப் பின் கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிரேக்க மாலுமிக் குறிப்பு ஒன்றில் வரும் ‘பொதுகே’ என்ற துறைமுகம் இதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மிளகு இங்கே விளையவில்லை. மேற்கு மலையில் விளைந்தது. பெரும்பங்கு முசிறியிலிருந்து கப்பலேறிப் போனது. யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. கீழைக்கரைக்கும் மிளகு தரைவழியாக வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு மிளகு மூட்டை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த பெரிய மண்சாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். ரோமானியர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் விலைப்பட்டியலே எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ராத்தல் மிளகு 4 தெனாரி, ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரி. வயிற்றை நிரப்பாத ஒரு பண்டத்துக்கு இவ்வளவு பொன் போகிறதே என்பது அவருடைய வயிற்றெரிச்சல். கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போவதற்குக் கேட்ட கப்பத்தில் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று.

மிளகு எவ்வளவு பெரிய சரக்கு என்பதற்காக இத்தனையும் சொன்னேன். பெரிய சரக்கு என்றால் ஏழை வீட்டுக்குக் கிடைக்காத சரக்கு என்றும் பொருள். மலையில் விளைந்து, வண்டி ஏறி, சுங்கம் கட்டி, நாலு வியாபாரி கை மாறிச் சமவெளிக்கு வரும் மிளகைக் கூலிக்காரக் குடும்பம் தினமும் குழம்புக்கு அள்ளிப் போட்டிருக்க முடியாது.

மிளகைத் தேடிப் போனவர் கொண்டுவந்த காய்

மிளகாயின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ பக்கத்து மக்கள் ஆறாயிரம் வருஷத்துக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். இந்தியாவின் மிளகைத் தேடி 1492-இல் கிளம்பிய கொலம்பஸ், போய்ச் சேர்ந்தது கரீபியன் தீவுகளுக்கு. அங்கே மிளகு இல்லை, நாக்கைச் சுடும் ஒரு சிவப்புக் காய் இருந்தது. அதற்கும் மிளகின் பெயரையே வைத்தார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் விதை நம் கரைக்கு வந்தது.

வந்ததும் அது பரவிய வேகத்தை என்னவென்று சொல்வது! 1542-இல் ஜெர்மனியில் மூலிகை நூல் எழுதிய ஃபுக்ஸ் என்பவர், மிளகாய்க்குக் ‘கோழிக்கோட்டு மிளகு’ என்று பெயர் போட்டார். அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதே மறந்து, இந்தியச் சரக்கு என்று நம்பும் அளவுக்கு ஐம்பதே வருஷத்தில் நிலைமை மாறிவிட்டது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களைக் குடியமர்த்தியபோது, மிளகாய் இந்தியக் கரையைத் தொட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெயரே சாட்சி. மிளகு போல் உறைக்கும் காய் என்பதால் நாம் மிளகாய் என்றோம். தெலுங்கிலும் மிளகு மிரியாலு, மிளகாய் மிரபகாய. மலையாளத்தில்தான் வேடிக்கை: அங்கே ‘முளகு’ என்றால் இப்போது மிளகாய், பழைய மிளகு ‘குருமுளகு’ ஆகிவிட்டது. வந்தவன் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரனுக்குப் பட்டப்பெயர் வைத்த கதை. நம் பக்கத்தில் மல்லாட்டை என்கிறோமே, அது மணிலாக்கொட்டை என்பதன் சிதைவு. பிலிப்பைன்ஸின் மணிலா வழியாக வந்ததாகச் சொல்லும் பெயர். நிலக்கடலை, முந்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி எல்லாமே மிளகாயின் ஊர்க்காரர்கள்தாம்.

மிளகாய் ஏன் இப்படி ஜெயித்தது? மிளகுக்கு மலை வேண்டும், நிழல் வேண்டும், மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். மிளகாய்க்குக் கொல்லையில் நாலு அடி இடமும் குளித்த தண்ணீரும் போதும்; நட்ட இரண்டரை மாதத்தில் பறிக்கலாம். ஒரு பழத்தில் அடுத்த வருஷத்துக்கான விதை இருக்கிறது. வியாபாரியிடம் போகாமலே ஏழை வீட்டுக் கஞ்சிக்கு ருசி கிடைத்தது. பச்சை மிளகாயும் உப்பும் இருந்தால் பழையது இறங்கும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் இன்று பாருங்கள், வாசலில் நாலு செடி வைக்க இடமிருந்தும் பத்து ரூபாய்ப் பொட்டலத் தூளை வாங்குகிற வீடுகள் நம் கிராமங்களில் பெருகிவிட்டன. வியாபாரி கையிலிருந்து நழுவிய காரம் திரும்ப அவர் கைக்கே போய்விட்டது.

காரம் விதையில் இல்லை

காரம் விதையில் இருக்கிறது என்று உதிர்த்துவிட்டுச் சமைப்பவர்கள் உண்டு. உண்மையில் காரம் சுரப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டிலும் உள்நரம்பிலும். விதையில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. குழந்தைகளுக்குக் காரம் குறைக்க வேண்டுமானால் காயைக் கீறி அந்த வெள்ளைப் பகுதியை வழித்தெடுங்கள்.

அந்தப் பொருளின் பெயர் கேப்சைசின். அது நாக்கைச் சுடுவதில்லை. சூட்டை உணர்கிற நரம்பு வாசலைத் தட்டி, சுட்டதாக மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்புகிறது. இந்த வாசலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடு என்று நம்பி உடம்பு வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மோர், தயிர், பால் கேட்கும். மிளகாய் கிள்ளி எரிகிற கைக்கு முதலில் எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழுத்த மிளகாயைக் கிளியும் மைனாவும் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பறவைக்கு அந்தக் காரம் தெரியாது. விதையை மெல்லாமல் விழுங்கித் தூரத்தில் எச்சமிடும். மென்று அரைத்துவிடுகிற எலி, அணில் போன்றவற்றுக்குத்தான் காரம் உறைக்கும். பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தவர்கள், பழத்துக்குள் புகுந்து விதையை அழுகவைக்கும் பூஞ்சாணத்தையும் காரம் தடுக்கிறது என்று கண்டார்கள். ஆக, செடி தன் விதையைக் காக்க வைத்துக்கொண்ட காவல்காரனைத்தான் நாம் குழம்பில் போட்டுக் கொதிக்கவைக்கிறோம்.

காரம் முதலில் ரகத்தைப் பொறுத்தது. கர்நாடகத்து பியாடகி நல்ல சிவப்பு, காரம் குறைவு. குண்டூர்ப் பக்கத்து தேஜா கடுங்காரம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டை, தடித்த தோல், தாளிப்புக்கு அருமை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வடகிழக்கின் பூத் ஜோலோகியா 2007-இல் பத்து லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டிக் கின்னஸில் ஏறியது. (ஸ்கோவில் என்பவர் 1912-இல் வகுத்த அளவு இது, மிளகாய்ச் சாற்றை எத்தனை மடங்கு சர்க்கரைத் தண்ணீர் விட்டால் காரம் தெரியாமல் போகும் என்று ஆட்களைக் குடிக்கவைத்தே அளந்தார்கள்.) ரகத்துக்கு அடுத்தது வளர்ப்பு. காய் முற்றும் சமயத்தில் தண்ணீரைக் கொஞ்சம் காயவிட்டால் பல ரகங்களில் காரம் ஏறும் என்பது விவசாயிகளின் அனுபவம். ஆய்வும் அதையே சொல்கிறது. ஆனால் அதிகம் காயவிட்டால் பூ கொட்டிவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி தழைக்கும், பூச்சியும் தழைக்கும்.

புதிதாக நடுபவர்கள் பக்கத்திலேயே கடலூர் மாவட்டம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியான பி.எல்.ஆர். 1 ரகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். நாற்று 40 நாள் ஆனதும் 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் அறுத்த களிமண் வயலில் நடுவதானால் பார் உயர்த்துங்கள். மிளகாய்க்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது.

வடகம் போன தூரம்

பங்குனி, சித்திரை வெயிலில் நம் வீடுகளில் வடகம் போடுவோம். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்துக் காயவைப்பது. பகலில் வெயிலில் உதிர்த்துவிட்டு, மாலையில் மறுபடி பிடித்து வைக்க வேண்டும். பல வீடுகளில் இதில் மிளகாயே சேர்ப்பதில்லை. இந்த வடகம்தான் ‘வதுவான்’ என்ற பெயரில் பிரான்ஸ் நாட்டுச் சமையல்காரர்கள் மீனுக்கும் கோழிக்கும் தூவுகிற மசாலா. புதுச்சேரியிலிருந்து போனது என்று சீசாவிலேயே எழுதி விற்கிறார்கள்.

இன்னொரு பயணமும் உண்டு, அது சுகமான பயணம் அல்ல. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஆயிரக்கணக்கான தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ரெயூனியன் தீவுக்கும், 1853-இல் மார்த்தினிக்குக்கும், 1854-இல் குவாதலூப்புக்கும் போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. மொழியைக்கூடப் பேரப்பிள்ளைகள் மறந்தார்கள், மசாலாவை மறக்கவில்லை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்று வீட்டுக்கு வீடு ‘கொலம்போ’ என்ற கறி சமைக்கிறார்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு அரைத்துப் போட்டது. அந்தப் பெயர் நம் ‘குழம்பு’தான் என்று பலர் சொல்கிறார்கள். மிளகாய் பிறந்த கடலோரத்துக்கே மிளகாய்க் குழம்பு தமிழர் கையால் திரும்பிப் போயிருக்கிறது.

இதைப் படிக்கிற மகளிர் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சீசாவில் நம் ஊர்ப் பெயரை ஒட்டி விற்கும்போது, வடகம் போடத் தெரிந்த நம் கைகள் சும்மா இருக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும், ஈரம் புகாத பையும், தூசி படாத உலர்த்தும் இடமும்தான் முதல் செலவு.

காயவைப்பதில் இருக்கிறது காசு

நூறு கிலோ பழத்துக்கு 25 முதல் 35 கிலோ வற்றல் கிடைக்கும். நல்ல விளைச்சலைக் கெடுப்பது பெரும்பாலும் களம்தான். மண் தரையிலோ சாணம் மெழுகிய தரையிலோ கொட்டி, இரவு பனியில் நனையவிட்டால் பூஞ்சாணம் பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஈரலைப் பாதிக்கும். நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பாவில் ஒரு கிலோ மசாலாப் பொருளில் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

சிமெண்டுக் களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்புங்கள். மாலையில் கூட்டி மூடிவையுங்கள். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும்; ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு வரவேண்டும். கறுத்ததையும் சொத்தையையும் பொறுக்கித் தள்ளுங்கள், அதைத் தூளாக அரைத்து விற்கிறவரிடம் மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள். எடை கூட்டவும் காம்பு ஒடியாமல் இருக்கவும் மூட்டை பிடிக்குமுன் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரில்தான் பூஞ்சாணம் பிழைக்கிறது. உங்கள் வீட்டுக் குழம்புக்கும் அதே மூட்டையிலிருந்துதான் எடுக்கிறீர்கள்.

மிளகாய் பற்றி வந்த மற்றக் கேள்விகள்

இலை சுருண்டு செடி முரணை பிடித்துவிட்டது. எந்த மருந்து அடிப்பது? - வில்லியனூர் வாசகர்

மருந்துக்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இலை சிறுத்து மஞ்சள் படர்ந்து செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கி அழிப்பதுதான் வழி. இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை கட்டுங்கள். ஆரம்ப நிலையில் வேப்பங்கொட்டைக் கரைசல் (10 லிட்டருக்கு 500 கிராம் பருப்பு, இரவு ஊறவைத்து வடிகட்டியது) தெளிக்கலாம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் கடைக்காரர் கொடுத்ததை அடித்துவிட்டுக் காசை இழக்காதீர்கள். 2021-இல் ஆந்திரா, தெலங்கானாவில் பூவுக்குள் புகுந்து மிளகாயை அழித்த கறுப்பு இலைப்பேன் புதிய இனம். அடிக்க அடிக்கப் பெருகியது. பூவை உதறிப் பார்த்துக் கறுப்பாக ஏதாவது ஊர்ந்தால், ஒரு கிளையோடு குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள்.

கடைத் தூளில் சாயம் இருப்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா? - பாகூர் வாசகி

ஓரளவுக்கு. கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகையைத் தூவி, கலக்காமல் பாருங்கள். சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் தண்ணீரில் கரையும் சாயம். அடியில் தங்கியதை விரலில் தேய்த்து நெறநெறவென்றால் செங்கல் தூளோ மணலோ. ஆனால் சூடான் என்ற சாயம் எண்ணெயில்தான் கரையும், இந்தச் சோதனையில் மாட்டாது. 2003-இல் இந்திய மிளகாய்ச் சரக்கில் அது இருப்பதைப் பிரான்ஸ் கண்டுபிடித்த பிறகுதான் ஐரோப்பா பரிசோதனையை இறுக்கியது. வற்றலாக வாங்கி மில்லில் கண்ணெதிரே அரைப்பது நல்லது.

காரம் சாப்பிட்டதால்தான் குடல்புண் என்கிறார்களே? - வில்லியனூர் வாசகி

குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது காரணம் வலி மாத்திரை. நடவு நட்டு இடுப்பு வலிக்கிறதென்று வெறும் வயிற்றில் தினம் ஒரு மாத்திரை போடுகிற பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை, இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டும். மலம் தார் போல் கறுத்துப் போனால் கை மருந்து பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தென்னையில் மிளகுக் கொடி ஏற்றலாமா? - பாகூர் வாசகர்

சமவெளியிலும் மிளகு வரும். புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு பக்கத்தில் எடுக்கிறார்கள். நீர் தேங்காத மேட்டுக் கொல்லையும் கோடையில் தண்ணீரும் இருந்தால் பத்துக் கொடி வைத்துப் பாருங்கள். நிழல் அடர்ந்த தோப்பானால் கரிமுண்டா, வெளிச்சம் இருந்தால் பன்னியூர் 1. தென்னைக்கு வடக்குப் பக்கத்தில், வேர்க்கூட்டத்தை விட்டு மூன்றடி தள்ளி நட்டு, கொடியைக் குச்சி பிடித்து மரத்துக்குக் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் ஒரே வாரத்தில் கொடியைக் கொண்டுபோய்விடும். மூன்றாம் வருஷம் காய்க்கும். வீட்டு ரசத்துக்குக் கண்டு மிச்சமிருந்தால் அப்புறம் ஏக்கர் கணக்கு பேசலாம்.